கூட்டறிக்கை, பக்கம் பதினொன்று

கூட்டறிக்கை எழுதுவது என் வேலை.
பேசுகிறவர்கள் மூச்சுவிடும் இடத்தில்
நான் முற்றுப்புள்ளி வைக்கிறேன்.
பிரதேச சபையில் பதினாறு வருடம்.
“மக்கள் கருத்துக் கேட்கப்பட்டது”
இந்த மூன்று சொல்லும்
என் கையெழுத்துப் போலவே தானாக வரும்.

ஆவணி வெயில். அராலியில்
சனசமூக நிலையத்து மண்டபம்.
ஐம்பது கதிரை அடுக்கினோம்.
வந்தது பதினொரு பேர்,
அதில் மூன்று பேர் நாங்கள்,
ஒருவர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்.
தவிசாளர் பாதீட்டை வாசித்தார்:
வட்டாரத்துக்கு எட்டு லட்சம்.
நடைபாதை, மின்விளக்கு, உடற்பயிற்சிக்கு.
பெயர் வைத்துத்தான் அனுப்பியிருந்தது கொழும்பு.
பிள்ளையை மட்டும் நாங்கள் பெறவேண்டும்.

பின்வரிசையில் பவளராணி எழும்பினாள்.
கையில் பூவரசங் கம்பு,
தோலுரித்து, ஐந்து இடத்தில் கரிக்கோடு.
“இது போன வருசம், முழங்கால்.
இது அதுக்கு முதல் வருசம்.
இஞ்சை, மேலை கிடக்கிறது
என்ரை பெடியன் புத்தகப் பையைத்
தலையிலை வைச்சுக்கொண்டு சோதினைக்குப் போன நாள்.
மதகுக்குள்ளை இருக்கிற குழாய் ஒன்பது அங்குலம்.
வழுக்கியாறு அதுக்குள்ளாலை போகுமே?
மூண்டடி வேணும்.
வருசா வருசம் இடுப்பளவு தண்ணிக்குள்ளை நடக்கிறம்.
உடற்பயிற்சி காணும் ஐயா.”

ஒருவர் சிரித்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் விளக்கினார்:
மதகின் இந்தக் கரை எங்களுடையது,
அந்தக் கரை மாகாணத்துடையது,
மேலே போகிற தார் வீதி அதிகார சபைக்கு,
கீழே போகிற தண்ணீருக்கு வேறொரு திணைக்களம்.

“அப்ப வெள்ளம் ஆற்றை?” என்றாள்.

என் பேனை அங்கே நின்றது.
யாருடையது என்று எழுதுவதா,
ஆற்றினுடையது என்று எழுதுவதா?
பவளராணி கதிரையில் இருக்கவில்லை.
கம்பை ஊன்றியபடி
பதிலுக்கு நின்றாள்.

அன்றிரவு, விளக்கடியில்,
“மக்கள் கரு” வரைக்கும் எழுதிவிட்டு வெட்டினேன்.
எழுதினேன்:
குழாய் ஒன்பது அங்குலம். தேவை மூன்றடி.
நடைபாதை வேண்டாம்.
சொன்னவர் ந. பவளராணி.
உறுப்பினர் அல்லாத ஒருவரின் பெயர்
அந்தக் கொப்பியில் நான் எழுதியது அதுதான் முதல்.
தலைப்பெழுத்தை இரண்டு தரம் சரிபார்த்தேன்.

புரட்டாதிக் கூட்டம். கூட்டறிக்கையை உறுதிப்படுத்தவேண்டும்.
“இதென்ன, பக்கம் பதினொன்றில் சந்தைக் கதை?
நீக்குங்கோ” என்றார் ஓர் உறுப்பினர்.
மின்விசிறி மட்டும் சுற்றியது.
பார்வையாளர் வாங்கில் பத்தொன்பது பேர்.
கதவு சட்டப்படி என்றும் திறந்துதான் கிடந்தது,
ஆனால் அன்றைக்குத்தான்
வாங்கிலிருந்த பழைய கோப்புகளை இறக்கி வைத்தோம்.
தூசியில் பியோன் தும்மிக்கொண்டே இருந்தான்.

“உள்ளபடி இருக்கட்டும், முன்மொழிகிறேன்.”
அமிர்தநாயகி அக்கா. ஒன்றரை வருடத்தில்
சபையில் அவர் பேசிய முதல் வசனம்.
தலை நிமிராமல் வழிமொழிந்தார் எமிலியன்.
தேர்தலுக்குப் பிறகு அவருக்கும் தவிசாளருக்கும்
முகம் கொடுத்துப் பேச்சில்லை.
காரணம் அதுவாகவும் இருக்கலாம்.
கூட்டறிக்கையில் காரணத்துக்கு இடம் இல்லை,
பெயருக்குத்தான்.

தலைப்பை மாற்றித் தரும்படி கடிதம் போனது.
ஐப்பசியில் பதில் வந்தது, மூன்று முத்திரையோடு:
பரிசீலனையில் உள்ளது.
அதைப் பிரதி எடுத்து
மதகடித் தந்திக் கம்பத்தில் ஒட்டியது யார் என்று
என்னிடம் விசாரித்தார்கள்.
தெரியாது என்றேன். பசை மட்டும்
கந்தோர்ப் பசைதான்.

பூவரசங் கம்பு இப்போது என் அலுமாரியில் சாய்ந்திருக்கிறது.
கணக்காய்வுக்கு வந்தவர் கேட்டார்,
“இது எந்தச் சொத்துப் பதிவிலை இருக்கு?”
“பக்கம் பதினொன்று” என்றேன்.
அவரும் குறித்துக்கொண்டார்.

நேற்று, கார்த்திகை மழை விட்ட கையோடு
பவளராணி வந்தாள், பாவாடைக் கரை சேறு.
ஆறாவது கோடு போடவேண்டுமாம்.
கரி நனைந்துவிட்டது.
என் பேனையை வாங்கினாள்.