நூறு மீட்டர்

மழை விட்டு ரெண்டு நாள்.
மரப்பட்டை இன்னும் காயவில்லை, அதனால் பால்வெட்டு இல்லை.
பொன்மனைக்கு மேலே, உடையவர் மஸ்கட்டில் இருக்கும் விளையில்
ரப்பர் மரங்கள்
ஆளுக்கொரு சிரட்டை வானத்தைப்
பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

டார்ச்சும் கரண்டியுமாக நுழைகிறேன்.
தினக்கூலி. கொசுப்புழு பார்க்கிற வேலை.
அட்டைக்கு உப்புக்கிழி,
காலுக்கு இரண்டு அளவு பெரிய பூட்ஸ்.

முதல் சிரட்டையில் சருகு.
அடுத்ததில் ஒட்டுப்பால், ஒரு செத்த எறும்பு.
மூன்றாவதில் வெளிச்சம் பட்டதும்
காற்புள்ளி காற்புள்ளியாய்த் துடித்து
அடியில் முங்கின.
யாரோ எழுதப்போகும் வாக்கியத்துக்கு
நிறுத்தற்குறிகள் மட்டும்
முன்கூட்டியே வந்துவிட்டதுபோல.

கவிழ்த்தேன்.
முந்நூற்றுச் சொச்சம் மரம்.
கவிழ்த்தேன், கவிழ்த்தேன்.
வெயில் வந்தால் நிமிர்த்துவார்கள், பால் வேண்டுமே.
மறுபடி மழை வந்தால்
மறுபடி நான்.

இந்தக் கொசு நூறு மீட்டர் பறக்கும்,
மிஞ்சினால் இருநூறு என்று
பயிற்சியில் சொன்னார்கள்.
அப்படியென்றால்
கருங்கலுக்கு எப்படிப் போயிற்று காய்ச்சல்?

பஸ்ஸில் போயிற்று.
குலசேகரத்தில் ஏறி, மார்த்தாண்டத்தில் மாறி,
இஸ்திரி போட்ட சட்டைக்குள்
உட்கார்ந்து போயிற்று.
செல்லையன் மகன் ஸ்டீபன்ராஜ், முப்பத்துநாலு வயது, பால்வெட்டு.
கொழுந்தியா கல்யாணம்.
"ரெண்டு நாளா பனி, மேலுவலி. போவாம இருக்க ஒக்குமா?"
ஒரு மாத்திரை விழுங்கிவிட்டு
பந்தியில் நின்று அவியல் விளம்பியிருக்கிறான்.

அங்கே, கல்யாண வீட்டுக்குப் பின்னால்
கவிழ்க்க ஆளில்லாத பெயின்ட் டப்பாவில்
முந்தின நாள்தான் பிறந்திருந்தாள் ஒருத்தி.
காலில் வெள்ளை வளையம்.
ஒரு பாவமும் அறியாதவள்.
அவன் முழங்கையில் உட்கார்ந்தாள்.
அவன்தான் கொடுத்தான்.

பத்து நாள் ஆயிற்று
வயிற்றிலிருந்து அது அவள் வாய்க்கு ஏற.
பதினோராம் நாள், பட்டப்பகலில்,
படியில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிய ஜெபினாவின்
கணுக்கால்.

ஆசாரிப்பள்ளம். வலைக்குள் கட்டில்.
தட்டணு முப்பத்தெட்டாயிரம், மறுநாள் இருபத்தொன்று.
அதற்கப்புறம் ஏறியது என்கிறார்கள்.
வீட்டுக்கு வந்துவிட்டாளா என்று
இன்னும் கேட்கவில்லை நான்.

ஸ்டீபன்ராஜுக்குக் காய்ச்சல் எப்போதோ போய்விட்டது.
கத்திக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான்.
"மயினிக்க மொவளுக்குத் தீராத பனியாம்.
கல்யாண வீட்டுல கொசு அப்படி.
பஞ்சாயத்து என்னத்தச் செய்யுதுன்னு கேளு."
நான் கேட்பதாகச் சொன்னேன்.
வேறொன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் அந்தக் கத்தியை
அவன் எங்கே வைப்பான்?

பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு:
பரவிய விதம்.
கொசு என்று எழுதினேன்.
பொய்யில்லை.
சட்டை, பஸ், கொழுந்தியா, அவியல்
எதற்கும் அதில் இடம் கிடையாது.

கையெழுத்துப் போடும்போது
புறங்கையில் ஒரு கடி.
வெள்ளை வளையம்.
காலையிலிருந்து எனக்கும் கண்ணுக்குப் பின்னால்
லேசாக வலி.
தூக்கமில்லாததால் இருக்கும்.

கையை ஓங்கி
அப்படியே நின்றேன்.
கொடுக்க வந்தாளா,
வாங்கிப்போக வந்தாளா?

அதற்குள் பறந்துவிட்டாள்.
நூறு மீட்டருக்குள் பதினாறு வீடு.
எல்லாம் எனக்குத் தெரிந்த வீடு.