மோழையின் சிட்டை

தீவனக் கடைக்காரர் சிட்டையை மூடிவிட்டார்.
பழைய பாக்கி நாலாயிரத்துச் சொச்சம்.
டேனிஷ்பேட்டை கேட்டில்
ரயில் போகும் மட்டும் நின்று
வெறும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

கொம்பு முளைக்காத என் எருமை
காலித் தொட்டியை முட்டிக்கொண்டிருந்தது.

சேர்வராயன் அடிவாரம், கடலை பிடுங்கிய செம்மண் காடு.
புரட்டாசி ஈரத்துக்கு வீசிய கொள்ளு
கேட்க நாதியின்றிக் கிடந்தது, மூன்று மூட்டை.
இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு.
கறக்கிறவளுக்கு என்னவென்று
சொன்னவர் யாருமில்லை.

ஊறப்போட்டேன். வேகவைத்தேன்.
தவிட்டோடு பிசைந்து வைத்தேன்.
முகர்ந்தாள் மோழை,
மூச்சால் ஊதித் தள்ளினாள்.
இரண்டு நாள்
என்னைப் பங்காளியைப் போல் பார்த்தாள்.

மூன்றாம் நாள் ஒரு கை கல்லுப்பு,
வரப்போரம் அறுத்த தட்டைப்பயற்றுக் கொடி.
தொட்டியின் அடியை
அவள் நாக்கு சுரண்டிய சத்தம்
சந்து முனைவரை கேட்டது.

பத்து நாள் கழித்து சொசைட்டியில் வேடியப்பன்
பாலை ஒருமுறை பார்த்தான்,
எண்ணை இருமுறை.
கொழுப்பு குறையவில்லை. அளவு அரை லிட்டர் கூட.
"என்னக்கா போடற?"
"சொன்னா வெல ஏறிப்போவும், போ."

அந்தி. அண்டாவில் கொள்ளு கொதிக்கிறது.
பிசையுமுன் இரண்டு கரண்டி
எங்கள் ரசத்துக்கு எடுத்து வைக்கிறேன்.
மோழை கழுத்தைத் திருப்பி
கரண்டியையே பார்க்கிறாள்,
ஒரு சிட்டையில்
என் பேரை எழுதிக்கொள்வது போல.