பங்கு

கார்க் என்று ஒரு ஊர் இருக்கிறதாம் அயர்லாந்தில்.
அங்கே நர்சாக இருக்கும் மகள் பெர்லின்
லீவுக்கு வந்தபோது
பிள்ளையின் சுவெட்டருக்குள் சுருட்டிக் கொண்டுவந்தாள்
மருமகன் அஜின் வடித்த குப்பியை.
லேபிளில் பேனாவால் எழுதியிருக்கிறது:
பீப்பாய் நாற்பத்தொன்று.
குப்பி முன்னூற்று நாற்பதில் இருநூற்றுப் பன்னிரண்டு.

இருபத்தாறு வருடம் நானும் இப்படித்தான் எழுதினேன்.
வெள்ளைக் கேன் மூன்று, ரப்பர் குழாய் ஒன்று,
ஊறல் சுமார் அறுபது லிட்டர்,
சாட்சிகள் முன்னிலையில்
தரையில் ஊற்றி அழிக்கப்பட்டது.

பைபிள் இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள் என்று
லில்லி புஷ்பம் அதை அரிசிப் பானையில் புதைத்தாள்.
ஓய்வு பெற்ற மதுவிலக்கு ஏட்டு
அரிசிக்குள் கைவிட்டுத் தேடுகிறேன்,
பழைய ரெய்டு மாதிரி.

வீடியோவில் அஜின் காட்டினான்.
மார்த்தாண்டத்தில் கெமிஸ்ட்ரி படித்த பயல்
செம்புக் கொப்பரையைத் தட்டி நிற்கிறான்
யானையை நிறுத்திய பாகன் போல.
ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் வடித்தார்களாம்.
எல்லாம் மூடி, விரல்விட்டு எண்ணும்படி ஆகி,
இப்போது மாட்டுத்தொழுவிலும் பழைய மில்லிலும்
திரும்ப அடுப்பெரிகிறதாம்.
முளைவிட்ட பார்லி, ஊற்றுத் தண்ணீர், மரப்பீப்பாய்,
வேறொன்றும் இல்லை மாமா என்றான்.
பீப்பாய்க்குள் கிடக்கும்போது
வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டு ஆவியாகுமாம்.
தேவதூதர் பங்கு என்பார்களாம் அதை.

எங்கள் ஸ்டேஷனிலும் ஒரு பங்கு இருந்தது.
ஆவியாகாது.
ஐந்தாம் தேதி கவரில் வரும்.
பெர்லினின் நர்சிங் பீஸ் முதல் வருடம்
அதில்தான் கட்டினேன்.
அவளுக்குத் தெரியாது.

களியலுக்கு மேலே ரப்பர் தோட்டத்து ஓடையில்
ஏசுவடியானைப் பதினோரு தடவை பிடித்திருக்கிறேன்.
ஒரு தடவை ஒளிந்து நின்று பார்த்தேன்:
குழாயில் சொட்டிய முதல் கிளாஸைப்
பாறைக்குப் பின்னால் ஊற்றினான்.
"பேய்க்க பங்காக்கும் சார்,
இத மனுசன் குடிச்சா கண்ணு போவும்."
எழுதிக்கொண்டிருந்த நான் அதை எழுதவில்லை.
எழுத அதற்குக் காலம் இல்லை படிவத்தில்.
அதே வருடம் பேய்க்குக் கொடுக்காத ஒருவனிடம்
வாங்கிக் குடித்த இரண்டு பேரைப் புதைத்தோம்.
மூன்றாமவன் களியக்காவிளைக்கு அப்புறம்
லாட்டரி விற்கிறான்,
ரூபாயைத் தடவிப் பார்த்து வாங்குவான்.

நேற்று குப்பியோடு ஏசுவடியான் வீட்டுக்குப் போனேன்.
பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்,
கடையாலுமூடு வரை வியர்த்தது.
அவன் சபையில் சேர்ந்து ஒன்பது வருடமாம்.
"குடிக்கமாட்டேன் சார். மணக்கலாமா?"
"மணக்கதுக்கு செக்சன் இல்ல ஓய்."
மூடியைத் திருகியதும்
கண்ணை மூடிக்கொண்டான்.
அன்னாசிக்காரனின் வேன் ஒன்று ஒலிபெருக்கியோடு
தெருவைத் தாண்டிப் போகும்வரை பேசவில்லை.
"மூணு வாட்டி வாத்திருக்கினும்.
அடி பிடிக்கல்ல.
மரத்துக்க வாசம் பொறவு வருது,
அதுக்க முன்ன வேற எதோ பழச்சாறு கெடந்த மரமாக்கும்."
கண்ணாடியை மாட்டி லேபிளைப் படித்தேன்.
மூன்று முறை வடித்தது.
செர்ரி ஒயின் இருந்த பீப்பாய் என்றும் ஏதோ.

பதினோரு எஃப்.ஐ.ஆர். எழுதிய கை
குப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றது.

"மொத கிளாச எங்க ஊத்தினான்னு
மருமவன்ட்ட கேளும்" என்றான்.
திண்டாட்டமாய் ஒற்றை விரலால் தட்டி அனுப்பினேன்.
ராத்திரி பதில் வந்தது:
தனித் தொட்டியில் மாமா.
அதற்கும் கணக்கு உண்டு.
எக்சைஸ் ஆபீசர் வந்து பார்ப்பார்.

அவருக்கு எவ்வளவு பங்கு
என்று தட்டினேன்.
நீலக் கோடு விழும் முன்னே,
அனுப்பும் முன்னே,
ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.