சற்றே இறங்கிய சுருதி

ரத்தத்தை முதலில் பார்த்தது லைனே.
சமையலறையிலிருந்து ஜன்னல்வரை
பலகைத் தரையில் காசு காசாய்ச் சிவப்பு.
"ஹெல்டூர், அசையாதே" என்றாள்.
கம்பளிச் செருப்பைக் கழற்றினால்
பியானோக் கட்டைக்கு அடியில் இருக்கவேண்டிய ஊசி
குதிகாலில் பாதி இறங்கியிருந்தது.
காலையிலிருந்து அதன்மேல்தான் நடந்திருக்கிறேன்,
தபால் எடுக்க, பூனைக்குக் கதவு திறக்க.

மரத்துவிட்டது என்றேன் டாக்டரிடம்.
சொல்லும்போதே சொல் பிசகியது.
நான் அறிந்த மரம் மரப்பதில்லை.
தார்த்து நகரின் பியானோக்களில்
நாற்பத்தோராண்டு காது வைத்தவன்;
ஸ்ப்ரூஸ் பலகை
ஒரு தும்மலுக்குக்கூடப் பதில் சொல்லும்.

டாக்டர் மாரேவுக்கு வயது குறைவு. கேள்விகள் நீளம்.
சர்க்கரை மாத்திரை எத்தனை வருடமாய்? பதினொன்று.
வோட்கா? உண்மையைச் சொல்லுங்கள்.
சொன்னேன். பாதி.
நின்றால் கூடி,
கடையில் தள்ளுவண்டிமேல் குனிந்து நடந்தால் குறைகிறதா?
அப்படியானால் முதுகெலும்பில் இடுக்கு.
இல்லை, குனிந்தாலும் நிமிர்ந்தாலும் ஒன்றுதான்.
பாதத்தின்மேல் இரண்டு விரல் வைத்து
நாடியைத் தேடினாள்,
கடைசிப் பேருந்துக்குக் காத்திருப்பவள் போல.
வந்தது.
தைராய்டைப் பார்க்க இன்னொரு குப்பி ரத்தம்.
என்னிடமும் ஒரு காரணம் இருந்தது: ஜனவரி.
அதை அவள் எழுதிக்கொள்ளவில்லை.

பிறகு இழுப்பறையிலிருந்து
ஓர் இசைக்கவை எடுத்தாள்.
என் தொழில், அவள் கையில்.
உள்ளங்கையில் தட்டி
கால் கட்டைவிரல் எலும்பில் ஊன்றினாள்.
"கண்ணை மூடுங்கள். அதிர்வு நின்றதும் சொல்லுங்கள்."

"கேட்கிறது" என்றேன்.
"கேட்பதைக் கேட்கவில்லை."
"கொஞ்சம் இறங்கியிருக்கிறது டாக்டர்,
பியானோவின் ஸியைவிட மயிரிழை கீழே."
"நூற்று இருபத்தெட்டு. அது அப்படித்தான்.
கால் என்ன சொல்கிறது?"

கால் ஒன்றும் சொல்லவில்லை.
காதில் ரீங்காரம்; விரலில்
எமயோகி ஆற்றின் பனிப்பாளம்.
கணுக்காலிலும் அதே.
முழங்காலுக்கு ஒரு சாண் கீழே
திடீரென்று ஸ்வரம் எலும்புக்குள் நுழைந்தது,
கச்சேரிக்குத் தாமதமாய் வந்து
இருக்கை தேடுபவன் மாதிரி.

வெள்ளிக்கிழமை போன் வந்தது.
பதினோரு வருடம் என்னைக் காத்த மாத்திரை
காத்த கையோடு
பி-பன்னிரண்டைச் சத்தமில்லாமல் குறைத்திருக்கிறது.
சர்க்கரையும் தன் பங்குக்கு. ஒருவேளை
நான் சொல்லாத அந்தப் பாதியும்.
ஊசி போடலாம்.
சில நரம்பு திரும்பும், சில திரும்பாது,
எது எதுவென்று இப்போது தெரியாது.

இருநூற்று முப்பது நரம்புகளை
ஒரே காலைப்பொழுதில் சுருதிக்குக் கொண்டுவந்தவன்.
இதற்கு முறுக்காணி எங்கே
என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

அதே இறங்கிய கவை ஒன்று வாங்கிவிட்டேன்.
ஏழாவது ஊசிக்குப் பிறகு, நேற்றிரவு,
கணுக்காலில் வைத்தேன்.
ஏதோ இருந்தது.
இருந்ததா?
பழகிய காது பொய் சொல்லும்.

லைனே எதிரே மண்டியிட்டு
என் இரண்டு காதையும்
உள்ளங்கைகளால் அழுத்தி மூடினாள்.
மறுபடி வை என்றாள் போலும்,
உதடு அசைந்ததைத்தான் பார்த்தேன்.