சில்லறை வாங்குகிற இடங்கள்

ஒன்பதாம் மாடிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள்.
திபிலீசிக்கே புதிது போலிருக்கிறது.
எங்கே நன்றாகச் சாப்பிடலாம் என்று
லிஃப்டின் காசுப்பெட்டியைத் திறக்க வந்தவனிடம் கேட்டீர்கள்.
சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

கில்தானியில் நாற்பத்தாறு லிஃப்டுகளின் சாவி
இந்த வளையத்தில்.
ஒருமுறை மேலே போகப் பத்து தெத்ரி.
சம்பளத்தில் பாதியை எனக்கு
இந்தத் துணிப்பையில்தான் தருகிறார்கள்.
ஆகவே என் கணக்கு சுலபம்:
சில்லறையைக் கண்டு முகம் சுளிக்காத கடை
நல்ல கடை.

ரொட்டிக்குப் பதினோராம் பிளாக்.
தரையோடு தரையாக ஒரு ஜன்னல்,
குனிந்துதான் கேட்க வேண்டும்.
உள்ளே கோச்சா இடுப்புவரை அடுப்புக்குள் கவிழ்ந்து
சுவரில் மாவை அறைந்துகொண்டிருப்பான்.
படகுபோல வளைந்தது, முனை கருகியது கேளுங்கள்.
கடையிலிருந்து வீடுவரை
முழுசாக வந்துசேர்ந்த ரொட்டியை
இங்கே யாரும் பார்த்ததில்லை.
கோச்சா காசை எண்ணமாட்டான்.
கையில் வாங்கிக் கனம் பார்ப்பான், அவ்வளவுதான்.

காய்கறி, மெட்ரோ வாசலில். வலதுபக்கம் வேண்டாம்.
இடதுபக்கம் லாமாரா,
தக்காளிக்குத் தன் போர்வையைப் போர்த்திவிட்டு
தான் நடுங்கிக்கொண்டு நிற்பவள்.
விலை கேட்டால் கோபம்.
கேட்காமல் எடுத்தால் அதைவிடக் கோபம்.
தார்குன் இலை ஒரு கட்டு வாங்கிவிடுங்கள்,
அடுத்த வாரம் உங்கள் சளிக்கு வைத்தியம் சொல்வாள்.

குளிருக்குக் கோட்டு?
கிலோ கணக்கில் நிறுத்துத் தரும் கடை ஒன்று,
செவ்வாய் காலை மூட்டை பிரிப்பார்கள்.
நான் போட்டிருப்பது ஒன்றே முக்கால் கிலோ.
உள்பாக்கெட்டில்
எனக்குப் படிக்கத் தெரியாத மொழியில்
ஒரு டிராம் டிக்கெட் இருந்தது.
இன்னும் அங்கேயே இருக்கிறது.

குடிக்க, வாலிகோவின் கார் ஷெட்.
கார் கிடையாது. பீப்பாய்கள்.
தேயிலைச் சாயம் போன்ற ஒயினைத்
தண்ணீர் பாட்டிலில் பிடித்துத் தருவான்.
முதல் கோப்பை புளிக்கும்,
மூன்றாவது ஞாயமாகப் படும்.
அவசரமென்றால் மட்டும் போகாதீர்கள்.
வாழ்த்து முடியாமல் கோப்பையைத் தொடக்கூடாது,
வாலிகோ சமாதானத்துக்கு வாழ்த்தத் தொடங்கினால்
எல்லாப் போர்களுக்கும் போய்த்தான் திரும்புவான்.

ஆணி, பல்பு, குழாய்க்கு ஜவுரி.
நட்டு வாங்கினால் வாஷர் இலவசம்.
அந்த வாஷர்தான்
நான்காம் பிளாக் லிஃப்டின் பெட்டியில்
வாரத்துக்கு ஆறு விழுந்துகிடக்கும்,
பத்து தெத்ரியின் அதே வட்டம், அதே எடை.
ஒரு வருஷம் தேடினேன், யாரென்று.

இனி, கின்காலி.
சந்தைக்குப் பின்னால், பெயர்ப்பலகை இல்லை,
ஆவி படிந்த கண்ணாடிதான் அடையாளம்.
இவ்லித்தா பத்தொன்பது மடிப்பு மடிப்பாள்.
முள்கரண்டி கேட்டு அவமானப்படாதீர்கள்.
கொண்டையைப் பிடித்துத் தூக்கி
ஒரு சின்னக் கடி, முதலில் சாற்றை உறிஞ்ச வேண்டும்,
சட்டையில் சிந்தினால் நீங்கள் வெளியூர்.
கொண்டைகளைத் தட்டிலேயே விடுங்கள்,
பில் அதை எண்ணித்தான்.

போன மாசி மாதக் குளிரில், ஒரு ராத்திரி,
அவள் தந்த மீதிச் சில்லறையில்
ஒரு வாஷர்.
அவளும் பார்த்தாள். நானும் பார்த்தேன்.
நாள் முழுக்க நின்ற கால், ஏழாம் மாடி வீடு,
நான்காம் பிளாக்.
ஒன்றும் பேசவில்லை.
நான் கேட்காத ஆறாவது கின்காலி
மேஜைக்கு வந்தது.
இப்போதும் ஐந்துதான் சொல்கிறேன்.
ஆறுதான் வருகிறது.

திங்கட்கிழமை அவள் கடை விடுமுறை.
மற்றபடி எந்த நாளும் போகலாம்,
லிஃப்ட்காரன் ஓட்டார் அனுப்பினான் என்று சொல்லுங்கள்.

பெட்டியைப் பூட்டிவிட்டேன். ஏறுங்கள்.
சில்லறை இல்லையா?
இருங்கள்,
என்னிடம் ஒரு வாஷர் இருக்கிறது.