தலைக்காசு

சோழவந்தானில் பாசஞ்சர் ஒரு நிமிஷம்தான் நிற்கும்.
அதற்குள் பதினேழு பேரையும் இறக்கிவிட்டேன்.
நானே எண்ணினேன்,
முதுகைத் தொட்டுத் தொட்டு.
அப்படி எண்ணச் சொல்லித்தந்தது யாரென்று தெரியவில்லை.

பேரணையில் தண்ணீர் திறந்து எட்டு நாள்.
நாற்று முற்றுகிறது, நட ஆளில்லை.
நம்மூர்ப் பிள்ளைகள் திருப்பூரில் பனியன் தைக்கிறார்கள்,
தோகாவில் கம்பி கட்டுகிறார்கள்.
அங்கே அவர்களை எண்ணுகிறவன் எப்படி எண்ணுவானோ.

ஏக்கருக்கு ஐயாயிரம் எனக்கு வருவது.
மூவாயிரத்து ஐந்நூறு நான் கொடுப்பது.
நடுவில் இருப்பது என் பெட்ரோல், என் போன்,
என் வாய்.
அந்த மூவாயிரத்து ஐந்நூற்றிலும்
அரிசி, கடுகெண்ணெய், சிலிண்டர்,
ஹவுராவிலிருந்து டிக்கெட் என்று பற்று எழுதுவேன்.
மோட்டார் ரூமில் படுக்கிறார்கள்.
அதற்கு வாடகை போடவில்லை,
இன்னும் தோன்றவில்லை.
ஆதார் அட்டைகள் என்னிடம்,
ரப்பர் பேண்டு போட்டு, பத்திரமாக.

எங்கள் வீட்டுக்குக் கங்காணி வீடு என்று பெயர்.
எட்டுத் தேக்குத் தூண்.
பூட்டன் ஒச்சப்பன்
மழை பொய்த்த ஊராகப் பார்த்துப் போவானாம்,
மடியில் முன்பணம், காதில் கடுக்கன்.
தேயிலைத் தூரைத் தோண்டினால்
தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்பானாம்.
மண்டபம் வரை ரயில், பிறகு கப்பல், பிறகு மலை.
வேலைக்கு இறங்கிய தலை ஒன்றுக்கு
நாளைக்கு இரண்டு சதம் அவனுக்கு.
காய்ச்சலில் படுத்த தலைக்குக் கிடையாது.
அதனால் படுக்க விடமாட்டான்.

கழுத்தில் கட்டிக் கூட்டிப்போன தகர வில்லைகளில்
ஒன்பது, அவன் பெட்டியில் மிச்சம் இருந்தன.
எண் மட்டும் வெட்டியிருக்கும், பெயர் கிடையாது.
நானும் தங்கச்சியும் அதில் சில்லு விளையாடினோம்.
212 நன்றாக வழுக்கும்.

நிதாய் மண்டலுக்கு மூன்று தமிழ் வார்த்தை தெரியும்:
தண்ணி. கணக்கு. எப்ப.
போன செவ்வாய்க்கிழமை கடைசி இரண்டையும் சேர்த்துக் கேட்டான்.
ஊரில் அப்பன் இறந்துவிட்டாராம்,
போனில் படம் காட்டினான்,
வாழை மட்டை போல் மெலிந்த கால்கள்.
நோட்டைப் புரட்டினேன்.
ஆறாயிரத்து நூற்று நாற்பது
அவன்தான் எனக்குத் தர வேண்டும்.
நடவு முடியட்டும் என்றேன்.
தமிழில்தான் சொன்னேன். புரிந்துகொண்டான்.

நடுகிறவர்கள் பின்னுக்கே நகர்வார்கள்.
பச்சை முன்னால் விரிய விரிய
சேற்றில் கால் தேடித் தேடி
வரப்பில் நிற்கும் என்னை நோக்கி
முதுகுகள் வருகின்றன.
பழக்கத்தில் எண்ணினேன்.
பதினாறு.

மோட்டார் ரூமில் அவன் போர்வை மடித்திருக்கிறது.
வாய்க்கால் கரையோடு விடியுமுன் ஒருவன் நடந்தானென்று
மாடு ஓட்டிவந்த பையன் சொல்கிறான்.
எந்தத் திசை என்று கேட்டேன்.
கையைப் பொதுவாக வீசினான்.

ரப்பர் பேண்டைக் கழற்றிப் பார்த்தேன்.
பதினேழும் இருக்கின்றன.