மேற்படி

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே
துப்பாக்கிகள் வரத் தொடங்கிவிட்டன
அந்தியூர் ஸ்டேஷனுக்கு.
ஐந்து வருஷம் பீரோவுக்குப் பின்னால் நின்றவை
கலியாணத்துக்குக் கிளம்பியதுபோல
எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்திருந்தன.

பேரேடு எழுதுகிறவள் நான்.
பெயர், ஊர், உரிம எண்,
ஒற்றைக் குழலா இரட்டைக் குழலா,
தோட்டா எத்தனை,
கடைசியில் நோக்கம்.
நோக்கத்துக்கு விட்டிருக்கும் கட்டம்
ஒன்றரை விரல் அகலம்.
முதல் வரியில் நுணுக்கி நுணுக்கி
'பயிர்ப் பாதுகாப்பு, தற்காப்பு' என்று எழுதினேன்.
அதற்குக் கீழே மேற்படி.
அதற்குக் கீழே மேற்படி.

பிடிபட்ட பைக்குகளின் சீட்டில் உட்கார்ந்து
வாதாடிக்கொண்டிருந்தார்கள் வரிசைக்காரர்கள்.
"தோட்டத்துக்குள்ள ஒத்தை ஊடுங்க,"
என்றார் சென்னியப்பன்.
"கத்துனா கேக்கறதுக்குத் தென்னமரந்தான் இருக்குது.
ஊட்டுக்கு ஒண்ணு குடுக்கோணும்.
எங்க ஆளுக வந்தாக் குடுப்பாங்க."

"குடுப்பாங்க, குடுப்பாங்க,"
என்றார் காளியண்ணன். அவர் வேட்டிக்கரை வேறு.
"வாய்க்காத் தண்ணிக்கே மம்மட்டியத் தூக்கறவன்
கையில இதையுங் குடுத்தா
பங்காளின்னு ஒருத்தன் மிஞ்சுவானா?
கையில இருந்தா எடுக்கத் தோணும்.
இல்லைன்னாத்தான் பேசத் தோணும்."

நல்ல பேச்சு என்று நினைத்தேன்.
பேசியவர் மடியில் இரட்டைக் குழல்.

கொஞ்சம் தள்ளி, தரையில், மாதன்.
பண்ணையக்காரருக்கு முட்டி ஆபரேஷன் என்று
சீட்டும், யூரியா சாக்கில் சுற்றிய துப்பாக்கியும்.
ராத்திரிப் பன்றிக் காவலுக்குப் போகிறவர் இவர்தான்.
இவர் கையில் கொடுப்பது
ஒரு தகர டின், ஒரு குச்சி.
இவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.
வரிசையில் மட்டும்
மூன்று பேரை முன்னால் விட்டார்.

மதியம், எதிர்க் கடை டிவியில்
எல்லை தாண்டி விமானங்கள் போய்விட்டன என்றார்கள்.
டம்ளரும் கையுமாக எல்லோரும் போய்ப் பார்த்தார்கள்.
திரும்பி வந்தபோது
வார்த்தைகள் ஆள் மாறியிருந்தன.

"அடிச்சாத்தானுங்க அடங்குவான்," காளியண்ணன்.
"பேசிப் பேசி என்னத்தக் கண்டோம்?"
"பேசாம எப்புடிங்க?" சென்னியப்பன்.
"என்ற பையன் சரக்கு தூத்துக்குடியில நிக்குது.
இது ஓட்டுக்குப் போட்ட குண்டுங்க.
கையில இருக்குதுன்னு எடுத்துப்போட்டாங்க."

காலையில் பேசியதை
இருவருக்கும் படித்துக் காட்டலாம்.
ஆனால் அதை எழுதிக்கொள்ளக் கட்டம் கிடையாது.

தற்காப்புக்குத்தான் என்றது டிவி.
அந்த நாடும் அதையேதான் சொல்கிறதாம்,
அதையும் டிவியே சொன்னது.
என் பேனா குனிந்த தலை நிமிராமல்
மேற்படி என்று போட்டது.

சாயங்காலம் இருபத்து மூன்று.
ஒவ்வொன்றின் கழுத்திலும் நூல் கட்டி, அட்டை தொங்கவிட்டு,
அறைக்குள் அடுக்கினேன்.
பக்கத்துச் சங்கிலியில் எங்களுடையவை ஆறு.
அவற்றுக்கு வேறு பேரேடு:
எடுத்த நேரம், வைத்த நேரம், கையெழுத்து.
நோக்கம் என்று ஒரு கட்டம் அதில் இல்லை.
ஒரு தேரோட்டத் தகராறுக்கு
நானும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.
யாரும் ஏனென்று கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

பூட்டப் போகும்போது
வாசலில் இன்னும் மாதன்.
"ரசீது குடுத்தாச்சுல்ல, இன்னும் என்னங்க?"

"அந்தச் சாக்குங்க, ஏட்டம்மா.
துப்பாக்கி இங்கயே கெடக்கட்டுங்க.
பனி எறங்குது,
காட்டுல போத்திக்கறதுக்கு அது ஒண்ணுதானுங்க."

உருவிக் கொடுத்தேன்.
உதறி, தோளில் போட்டுக்கொண்டு
பர்கூர் ரோட்டில் நடந்தார்.
பன்றிக்கு யார் சொல்வது,
வாக்கு எண்ணுகிற வரைக்கும் வராதே என்று?

உள்ளே வந்து பார்த்தேன்.
சாக்கு இல்லாமல்
அந்தத் துப்பாக்கி
ரொம்ப ஒல்லியாக இருந்தது.